தண்ணீர் குடித்த குற்றம்

எனக்குப் பதினைந்து வயது நடந்த வருடம் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையின் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்திலிருந்து, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிக் கண்டிக்குப் போன முதல் பிள்ளை நான்தான். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா தேயிலை பெக்டரியில் வேலை செய்தார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் யாராவது என் படிப்பைப் பற்றி விசாரித்தால் அப்பாவின் முகம் மலர்ந்துபோகும் என்று அம்மா சொல்வாள். நான் அதைப் பார்த்ததில்லை. என் முன்னால் அவர் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருந்தது.

மூன்றாம் தவணை தொடங்கிக் கொஞ்ச நாளில் எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. கண்டியில் அது மழைக்காலம். மற்றப் பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். எனக்கு மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விடுதிச் சாப்பாட்டறையில் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு பெரிய அலுமினியப் பானையில் வைத்திருப்பார்கள். பாடசாலை விட்டதும் ஓடிப்போய் அதிலிருந்து கோப்பை கோப்பையாக மொண்டு குடிப்பேன். வயிறு தளும்பும், ஆனால் தொண்டை நனையாது. சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டேன். ஆனாலும் சீருடையின் இடுப்புப் பட்டி கழன்று கழன்று விழுந்தது. ஊக்குக் குத்திக்கொண்டு போனேன்.

முதலில் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் கம்பளையில் கடை வைத்திருந்த ஒருவரின் மகள். நல்ல நிறம், நல்ல குரல். விடுதியில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பவள் அவள்தான். எனக்கு 'மகாவலி' என்று வைத்தாள். ஆற்றையே குடித்துவிடுவேனாம். நானும் சேர்ந்து சிரித்தேன். கண்டியில் படிக்க வந்த தோட்டத்துப் பிள்ளை சேர்ந்து சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

பிறகு ஒருநாள் காலையில் எழுந்தபோது படுக்கை நனைந்திருந்தது.

விடுதியின் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்யாதவர். எங்களுக்குள் மேட்ரன் என்போம், நேரில் மிஸ். பிள்ளைகள் சுத்தமாக இருக்க வேண்டும், நேரத்துக்கு எழும்ப வேண்டும், திருநீறு பூச வேண்டும். இந்த மூன்றிலும் குறை இல்லையென்றால் அவரால் யாருக்கும் தொல்லை வராது. அன்று நான் படுக்கை விரிப்பைச் சுருட்டிக் கைக்குள் மறைத்துக்கொண்டு குளியலறைக்குப் போகும்போது வழியில் நின்றார்.

"என்னடி அது? விரி பாப்பம்."

விரித்தேன்.

"பதினைஞ்சு வயசுக் குமர்ப்பிள்ளை. படுக்கையிலை மூத்திரம் போக உனக்கு வெக்கமில்லையே?"

அன்று ஒன்றும் செய்யவில்லை. துவைத்துப் போடச் சொன்னார். அது மறுபடியும் நடந்தது, பிறகு மறுபடியும். மூன்றாவது முறை, நனைந்த விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு விடுதி வாசலில் நிற்கச் சொன்னார். வாசலுக்கு முன்னால்தான் பாதை. ஆண்கள் பாடசாலைப் பையன்கள் அந்த வழியால்தான் போவார்கள். காலைத் தேத்தண்ணி முடிந்து மற்றப் பிள்ளைகள் வரிசையாக என்னைக் கடந்து போகும்வரை அங்கே நின்றேன். ஒரு பையன் மூக்கைப் பிடித்துக் காட்டினான். கம்பளைக்காரி போகும்போது என் காதுக்குள், "மகாவலி பெருகிருச்சு" என்றாள். அது மத்தியானத்துக்குள் எல்லா வகுப்புகளுக்கும் போய்விட்டது.

நிற்க வைத்ததால் குணமாகவில்லை. அதனால் மேட்ரன் தண்ணீரை நிறுத்தினார். பாடசாலை விட்ட பிறகு எனக்குத் தண்ணீர் கிடையாது. சாப்பாட்டோடு ஒரு கோப்பை, அவ்வளவுதான். பானைக்குப் பக்கத்தில் யாராவது ஒரு பிள்ளையைக் காவலுக்கு உட்கார வைத்தார். அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க எனக்கும் தெரியவில்லை. நான் பேராசைக்காரி, என்னால் வாயைக் கட்ட முடியவில்லை என்றுதான் நானும் நம்பினேன்.

தாகம் என்றால் என்னவென்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். கால் கழுவ வைத்திருந்த வாளியில் வாயை வைத்துக் குடித்தேன். கூரைப் பீலியிலிருந்து ஒழுகும் மழைத்தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். அதில் துருவும் இலையும் கிடக்கும். ஒருநாள் பின்னேரம் சாமி அறையில் யாரும் இல்லாதபோது, பூசைக்கு வைத்திருந்த செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். செம்பைத் திரும்ப வைக்கும்போது வாசலில் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். அதற்கு மேட்ரன் அடிமட்டத்தால் என் இரண்டு கைகளிலும் அடித்தார். சாமிக்கு வைத்ததை எச்சில்படுத்திய பிள்ளைக்குப் பக்கத்தில் சாப்பிட மாட்டோம் என்று சிலர் எழும்பிப் போனார்கள்.

இதற்கிடையில் எறும்பு வந்தது. விடுதியின் பின்புறத்தில் நாங்கள் உடம்பு கழுவும் இடத்தில், நான் சிறுநீர் கழிக்க ஒதுங்கும் மூலையில் சிவப்பெறும்பு மொய்க்கத் தொடங்கியது. கழுவித் தள்ளினாலும் திரும்பி வந்தது. கம்பளைக்காரிதான் முதலில் கண்டாள். மேட்ரன் வந்து பார்த்தார். பிறகு நேரே என் பெட்டியிடம் போய் அதைத் திறக்கச் சொன்னார். உள்ளே அம்மா கொடுத்துவிட்ட கித்துள் கருப்பட்டி, பாதி தின்றபடி, தாளில் சுற்றி இருந்தது.

"குசினியிலை சீனி குறையுது எண்டு சமையல்காரி சொல்லிக்கொண்டிருந்தவ. இப்ப விளங்குது. களவெடுத்துத் திண்டுபோட்டுத் தண்ணி தண்ணி எண்டு நிக்கிறாய், என்ன?"

"இல்ல மிஸ். இது எங்கம்மா குடுத்தது."

"எறும்பு பொய் சொல்லுமோ?"

எறும்பு பொய் சொல்லவில்லைதான். ஆனால் அது சொன்னதை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் அந்த இடத்தில் இருக்கவில்லை.

என்னால் இன்றைக்கும் மறக்க முடியாத ஒரு விஷயம் அந்தத் தவணைப் பரீட்சையில் நடந்தது. சுகாதாரப் பாடத்தில் ஒரு கேள்வி வந்தது. நீரிழிவு நோயின் அறிகுறிகள் நான்கு தருக. நான் ஐந்து எழுதினேன். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் கழிதல், அதிக பசி, உடல் மெலிதல், களைப்பு. ஆசிரியை என் விடைத்தாளை வகுப்பில் உயர்த்திக் காட்டி, விடை எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று வாசித்தார். எழும்பி நிற்கச் சொன்னார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் கால் நடுங்கியது. உதடு வெடித்திருந்தது. பாவாடை ஊக்கில் தொங்கியது. வகுப்பு முழுவதற்கும் என் தண்ணீர்க் கதை தெரியும், ஆசிரியைக்கும் தெரியும். அவர் ஐந்தையும் ஒவ்வொன்றாக வாசித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் உட்கார்ந்தேன்.

யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. புத்தகத்தில் நீரிழிவு என்ற பாடத்துக்குப் பக்கத்தில் கோட்டுச் சித்திரம் ஒன்று இருந்தது. சாய்வுக் கதிரையில் தொந்தியோடு ஒரு வழுக்கைத் தலை மனிதர். நீரிழிவு அவருக்கு வருவது. எங்கள் தோட்டத்தில் சீனி வருத்தம் என்று ஒரு நோயைச் சொல்வார்கள். அது பெரிய கிளாக்கருக்கு இருந்தது. அதுவும் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்களுக்கு வருவது. அந்த இரண்டும் ஒன்று என்றுகூட எனக்குத் தெரியாது. ஒன்று பரீட்சைக்கு எழுதும் சொல். மற்றது கிளாக்கர் ஐயாவின் வருத்தம்.

பரீட்சை முடிந்த வாரம் வாந்தி தொடங்கியது. காலையில் எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். எழுந்து நிற்க முடியாமல் இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். மேட்ரன் என் கட்டில் ஓரத்தில் வந்து நின்று வெகுநேரம் என்னையே பார்த்தார். விடுதியில் மாதவிலக்கு நாட்களில் பிள்ளைகள் சாமி அறைக்குப் போகக்கூடாது. யார் எப்போது போகவில்லை என்பதில் மேட்ரனுக்கு ஒரு கண் உண்டு. நான் இரண்டு மாதமாக ஒருநாள்கூடச் சாமி அறையைத் தவறவிடவில்லை. உடம்பு உருகிக் கொண்டிருந்ததில் மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி யோசிக்கக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அவர் யோசித்திருக்கிறார்.

என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஆர் அவன்?"

எனக்கு விளங்கவில்லை.

"எத்தினை மாசம்? சொல்லு. ஆரோடை போனனி?"

"நான் எங்கயும் போகல மிஸ்."

கன்னத்தில் அறைந்தார். மறுபடி கேட்டார். மறுபடி அறைந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ரை கையிலை வளந்த பிள்ளையள் ஒண்டும் இப்பிடிச் செய்யேல்லை" என்றார். நான் ஒரு கோப்பை தண்ணீர் கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே தேவை அதுதான். அதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

கதவுக்கு வெளியே யாரோ ஒட்டுக் கேட்டிருக்கிறார்கள். நான் வெளியே வந்தபோது பிள்ளைகள் என்னைத் தொடாமல் விலகி வழிவிட்டார்கள். கம்பளைக்காரி என் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த தன் கட்டிலை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட்டிருந்தாள்.

தந்தி போய், அடுத்த நாள் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பாடசாலையின் தலைமை ஆசிரியையான அதிபர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. கெட்டவர் அல்ல, படபடப்பில் மறந்திருக்கலாம். "உங்கட பிள்ளை கெட்டிக்காரி. நான் நிறைய எதிர்பார்த்தேன். ஆனா இங்க இருநூறு பெண் பிள்ளைகள் இருக்கிறாங்க. அவங்கட பெற்றோருக்கு நான் என்ன சொல்றது? கூட்டிக்கொண்டு போங்க. இத நான் எங்கேயும் எழுதிவைக்க மாட்டேன்" என்றார். ஒரு டொக்டரிடம் காட்டுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பாடசாலைக்குக் கீழே, நடந்து போகும் தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, "சரிங்க அம்மா" என்றார். பெரட்டில் தோட்டத் துரைக்கு முன்னால் நிற்பதுபோல நின்றார்.

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் போய் நின்றுகொண்டார். திகன தாண்டும்போது நான் அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். அம்மா கேட்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெல்தெனியவில் பஸ் நின்றபோது, "அப்பா, தண்ணி" என்று கத்திக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் திரும்பவில்லை. பிறகு நான் ஜன்னலால் தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பின்சீட்டு மனுசி ஒருத்தி, "எத்தனாவது மாசம்?" என்று அம்மாவிடம் அக்கறையாகக் கேட்டாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லயத்துக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்திவிட்டு அடித்தாள். கையால்தான் அடித்தாள். கொழுந்து பறித்துப் பறித்துக் காய்த்துப்போன கை.

"யாருடி? பேரச் சொல்லு. அவன் கால்ல விழுந்தாவது கட்டி வச்சிர்றோம். யாருடி?"

"யாருமில்லம்மா."

"யாருமில்லாம வயித்துல வருமா?"

அடி முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே எழுந்து போய், கீழ் லயத்திலிருந்து ஒருத்தியை அழைத்து வந்தாள். தோட்டத்தில் இப்படியான காரியங்களுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஏதோ பச்சிலையை இடித்து, கசப்புத் தெரியாமலிருக்கக் கருப்பட்டியை அள்ளிப் போட்டுக் காய்ச்சினாள். ஒரு பெரிய கோப்பை நிறைய. நான் மறுக்கவில்லை. அது என்னவென்று கேட்கவும் இல்லை. குடிக்க ஏதோ தருகிறார்களே என்று இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு எனக்கு ஒழுங்காக நினைவில்லை. பெருமூச்சு பெருமூச்சாக வந்தது, மலையேறி வந்தவளைப்போல. என் வாயிலிருந்து அழுகிய பழ வாடை அடித்ததாம். மருந்து வேலை செய்கிறது என்று கீழ் லயத்துப் பெண் சொன்னாளாம். நான் பேச்சு மூச்சில்லாமல் போனதும் அவள் தன் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். அப்பா பெக்டரி லொறியைக் கெஞ்சி எடுத்து வந்து என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதெல்லாம் அம்மா பிறகு சொன்னவை. சொல்லும்போதும் அந்தக் கோப்பையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வாள்.

கண் விழித்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. இளம் சிங்கள டொக்டர் ஒருவர் கட்டில் அருகே நின்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. அந்த நோயாளர் வாட்டில் வேலை செய்த அட்டெண்டன் பெண்தான் தமிழில் மாற்றிச் சொன்னாள். டொக்டர் நீளமாக ஏதோ சொல்லி முடித்ததும் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கொழந்த எப்படி இருக்கு? போயிருச்சா?"

அட்டெண்டன் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டொக்டரிடம் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை, ஆனால் அவள் பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் சொல்லிவிட்டாள். அங்கிருந்து அது வாட்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் போனது. அன்று பின்னேரம் நோயாளர்களைப் பார்க்க வந்தவர்கள்கூட என்னைக் காட்டிப் பேசினார்கள். சீனி வருத்தத்தைப் பிள்ளை என்று நினைத்த தோட்டத்துப் பொம்பிளை!

டொக்டர் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் ஊசி போட வேண்டும், விடவே கூடாது. அம்மா, "எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள். "இருக்கிற காலம் வரைக்கும்" என்று அட்டெண்டன் பெண் சொன்னாள். அப்பா வந்த பிறகு, நான் தூங்குவதாக நினைத்து அவரிடம் சொன்னாள்.

"ஏங்க, வயித்துல புள்ளையா இருந்திருந்தாக்கூட எவன் தலையிலயாவது கட்டியிருக்கலாம். இத வச்சுக்கிட்டு என்னங்க செய்றது?"

நான் கண்ணைத் திறக்கவில்லை.

எனக்கு அடுத்த கட்டிலில் கலகெதரவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்தாள். வயது பதின்மூன்று. அவள் தகப்பன் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பத்து வயதிலேயே இந்த நோய் வந்ததாம். வாட்டில் அவளுக்குத் தெரியாத தாதி இல்லை. தலையணைக்குக் கீழே ஒரு டொபியை ஒளித்து வைத்திருந்தாள். ஆசைக்காக அல்ல, சீனி இறங்கித் தலை சுற்றினால் வாயில் போடுவதற்காம்.

"நீங்க புதுசா? பயப்புடாதீங்க. வயித்துல குத்தினா அவ்வளவு நோகாது" என்றாள்.

என்ன நோய் என்று எனக்கு முதன்முதலில் விளங்கும்படி சொன்னதும் அவள்தான். "சீனி வருத்தம் எண்டு செல்றதும் இதுதான். பொத்தகத்துல நீரிழிவு எண்டு எழுதி இரிக்கிறதும் இதுதான்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது என்று சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கெட்ட சிரிப்பு அல்ல. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வருடம் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அவள் வீட்டுக்குப் போகும் நாளில் தகப்பன் வந்தார். வெள்ளைத் தொப்பி, அமைதியான மனிதர். மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தார். குனிந்து தன் கையாலேயே போட்டுவிட்டார். மாத்தளைப் பக்கத்தில் ஒருவர் மருந்துத் தூள் கொடுக்கிறார், அதைத் தின்றால் ஊசியே தேவையில்லை, மூன்று பேருக்குச் சுகமாகியிருக்கிறது என்று மகளிடம் சொன்னார். நாளைக்கு அவளுக்கு ஒரு நல்ல இடம் பார்க்க வேண்டாமா, ஊசி குத்துகிற பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றார்.

"வாப்பா, ஊசி போடாட்டி நான் மௌத்தாப் போயிருவேன்" என்றாள் அவள். சண்டை பிடிக்கிற குரலில் அல்ல. நேரம் என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் பதறி அவள் வாயைப் பொத்தினார். "அப்புடிச் செல்லக்கூடாது மகள். வாப்பா உங்களுக்குக் கெடுதல் செய்வேனா?"

அவள் அந்த டொபியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

நானும் வீட்டுக்கு வந்தேன். லயத்தில் குளிர்ப்பெட்டி ஏது? ஊசி மருந்துப் போத்தலை ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்தோம். தோட்டத்து மருந்துச் சாலையில் ஊசி போட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போய் அதிபரைப் பார்த்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடிதத்தை வாசித்த அதிபர், "ஐயோ, பாவம்" என்றார். மேட்ரனையும் கூப்பிட்டார். மேட்ரனும் வாசித்தார். அவர் முகம் ஒருகணம் வெளிறியதைப் பார்த்தேன். பிறகு என்னிடம் திரும்பி, "இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மன்னிப்புக் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்த்துப் போகவில்லை. விடுதியில் என் கட்டில் திரும்பக் கிடைக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். அதிபர் மேசையிலிருந்த பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். "விடுதியில ஊசி போட ஆள் இல்ல. ஏதாவது நடந்தா யார் பொறுப்பு?" மேட்ரன், "நான் என்ன டொக்டரோ?" என்றார். அதோடு பிள்ளைகள் மத்தியில் ஒரு கதை பரவிவிட்டது, இனி என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள், அங்கே இருப்பது எனக்குத்தான் கஷ்டம் என்று அதிபர் மிகவும் அன்பாக எடுத்துச் சொன்னார். அப்பா, "சரிங்க அம்மா" என்றார். என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

இரண்டாவது தடவை கிளினிக்குக்குப் போனபோது கலகெதரப் பிள்ளையைத் தேடினேன். காணவில்லை. இலக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்த அதே அட்டெண்டன் பெண்ணிடம் விசாரித்தேன். "அந்தப் பிள்ளையா? போன மாசம் கொண்டு வந்தாங்க. பிந்திட்டாங்க. போய்ட்டுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். அது என் இலக்கம். எழுந்து உள்ளே போனேன். டொக்டர் என் கண்ணைப் பார்த்து, அழுதாயா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வராமல் இல்லை. ஊசிக்குப் பழகினால் உடம்பு ஊசிக்கே அடிமையாகிவிடும், பாகற்காய்ச் சாறு குடித்தால் போதும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் காலை மணல் சட்டி வெறுமையாக இருந்தது. அம்மா போத்தலை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். கேட்டேன். தர மாட்டேன் என்றாள். "ஒரு வாரம் சாறு குடிச்சுப் பாரு. உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன்."

"பூட்ட ஒடச்சிருவேன்."

"ஒட பாப்போம்."

நான் விறகுக் கட்டையை எடுத்தேன். அம்மா என்னை அறைந்தாள். நான் கட்டையைக் கீழே போடவில்லை. அந்தப் பிள்ளை செத்துப்போனது, அவளுடைய வாப்பா அவளுக்கு எப்படிச் செருப்புப் போட்டுவிட்டார், எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். லயத்தின் அடுத்த காம்பராக்களில் இருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். வேலைக்குப் புறப்பட்டு நின்ற அப்பா உள்ளே வந்தார். அம்மாவிடம் கையை நீட்டினார். அம்மா அவரை முறைத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். அவர் பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். அதைப் பற்றி அவர் பிறகும் பேசியதில்லை. பஸ்ஸில் திரும்பிப் பார்க்காததைப் பற்றியும் பேசியதில்லை.

அதற்குப் பிறகு ஊசியை நானே போடப் பழகினேன். போத்தல் என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். தோட்டப் பாடசாலையில் படித்துச் சாதாரணதரப் பரீட்சை எழுதினேன். நான் ஆசைப்பட்ட பெறுபேறு வரவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்க அங்கே ஆசிரியரே இல்லை. தட்டெழுத்துப் பழகி, கண்டியில் ஒரு வக்கீலின் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் நோயை மறைக்கவில்லை. மறைக்கச் சொல்லி அம்மா கெஞ்சினாள், பிறகு சபித்தாள். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். அம்மா சாகும்வரை என் ஊசியைக் கண்கொண்டு பார்க்கவில்லை. நான் சட்டையைத் தூக்கினால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நாற்பது வயதுக்குள் இடது கண்ணில் பார்வை மங்கியது. முதல் வருடங்களில் சீனியை ஒழுங்காகக் கட்டுப்படுத்தாததுதான் காரணமாக இருக்கலாம் என்று கண் டொக்டர் சொன்னார். அந்த வருடங்களில் என்னைக் கட்டுப்படுத்தாதவர்கள் யாரும் இருக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவருக்கு வெளியே நிறையப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் கண்டிச் சந்தையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒருத்தி என் தோளைத் தட்டினாள். பார்வை சரியில்லாததால் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கம்பளைக்காரி. நன்றாகப் பருத்திருந்தாள். பக்கத்தில் பாடசாலைச் சீருடையில் ஒரு மகள் நின்றாள். அதே பாடசாலை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு காலம், எவ்வளவு காலம் என்றாள். உண்மையிலேயே சந்தோசப்பட்டாள். பிறகு மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கேக்கிறேன்னு கோவிக்காத. அந்தப் புள்ளய என்ன செஞ்சீங்க?"

"எந்தப் புள்ள?"

"அதான், விடுதியில..."

"புள்ள இல்ல. எனக்கு டயபிட்டீஸ். அப்ப யாருக்கும் தெரியல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இரக்கமாகத்தான் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சரி சரி. அப்படியே சொல்லு. அதுதான் நல்லது."

மகள் தூரத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். அவர்கள் பஸ்ஸுக்குப் போக வேண்டுமாம். நான் லீக்ஸுக்கான காசைக் கொடுத்துவிட்டு, ஊசி போட்ட பிறகு சாப்பாட்டு நேரம் பிந்திவிட்டதால் எதிரிலிருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன்.